விடுதலைப் பத்திரமும் பரிமேலழகரும்

போன பொங்கல் லீவில் கொடைரோடு போயிருந்தேன். பட்டா மாறுதல் விஷயமாக அப்பா பழைய பத்திரப் பையைப் பரண்மேலிருந்து இறக்கி வைத்தார். அதில் 1997-ல் எழுதிய ஒரு விடுதலைப் பத்திரம் இருந்தது. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, தன் இரண்டு தம்பிகளுக்கும் எழுதிக் கொடுத்தது. சிறுமலை அடிவாரத்தில் திராட்சைப் பந்தல் போட்ட 2 ஏக்கர் 40 சென்ட். தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய நிலம். உயில் எழுதாமல் போய்விட்டார். அப்பாயி அவருக்கு முன்னாடியே போயாச்சு. பிள்ளைகள் மூணு பேர். 1956-ம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்கு 80 சென்ட். பத்திரத்தில் அத்தைக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கும் பிரதிப்பிரயோசனம் 5,000 ரூபாய்.

அந்த நிலத்தில் வந்த காசில்தான் நான் பி.இ. படித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதில் நான் வெளியே நின்று பார்க்கிற ஆள் கிடையாது.

என்னிடம் ஒரு எக்செல் ஷீட் இருக்கிறது. அடுத்தவர் பொருளை எடுப்பதற்குத் தமிழில் என்னென்ன சொற்கள் உண்டு என்று ஏழெட்டு வருடமாகச் சேர்த்து வருகிறேன். வேலை நடுவே சிக்கும் சொல்லைப் போட்டு வைப்பது வழக்கம். 'விடுதலை' அந்தப் பட்டியலில் இல்லை. அன்றைக்கு ராத்திரிதான் அதைச் சேர்க்கணுமா என்று முதல்முறை யோசித்தேன்.

பட்டியல்

பழைய சொற்களை எடுத்துக்கொள்வோம். களவு, பறித்தல், கவர்தல், வௌவுதல், சூறை, கொள்ளை, கொண்டி, வஞ்சித்தல். ஒன்றுக்கு ஒன்று மாற்றுச் சொல் என்று பள்ளியில் படித்திருப்போம். கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனி. களவு என்றால் மறைந்து செய்வது, பறித்தல் கண்ணெதிரே செய்வது. கவர்தலுக்கு ஒரு மரியாதை உண்டு. வெட்சித் திணையில் எதிரி நாட்டு ஆநிரையைக் கவர்வது போரின் தொடக்கம், அதற்குப் பூச்சூடிக்கொண்டே போகிறார்கள். கொண்டி என்பது ஜெயித்தவன் எடுத்து வருவது. ஆக, யார் எடுக்கிறான், எப்படி எடுக்கிறான் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது.

பேச்சுத்தமிழ் இன்னும் பணக்காரன். ஆட்டையப் போட்டான், சுட்டுட்டான், லவட்டிட்டான், உருவிட்டான், சுருட்டிட்டான், அமுக்கிட்டான், வளைச்சுப் போட்டான், முழுங்கிட்டான், ஏப்பம் விட்டான், நாமம் போட்டான், கம்பி நீட்டிட்டான். இதை நான் மூன்று பத்தியாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: கை செய்வது, வாய் செய்வது, கால் செய்வது. உருவுவதும் சுருட்டுவதும் கை. முழுங்குவதும் ஏப்பமும் வாய். கம்பி நீட்டுவது கால்.

இதில் வாய்ப் பத்தி சுவாரசியமானது. 'முழுங்கிட்டான்' என்றால் அவன் எங்கேயும் போய்த் திருடவில்லை. பொருள் அவனிடம் நியாயமாகத்தான் வந்தது. சீட்டுக்காரனிடம் நாமே கட்டினோம், காண்டிராக்டரிடம் நாமே அட்வான்ஸ் கொடுத்தோம். திருப்பித் தர வேண்டிய நேரத்தில் தரவில்லை, அவ்வளவுதான். எடுப்பது வேறு, வந்ததைத் தராமல் வைத்துக்கொள்வது வேறு. இந்த வித்தியாசத்தைப் புலவர்களைவிடக் கடைத்தெரு நன்றாகக் கவனித்திருக்கிறது. அமுக்குவது, முழுங்குவது, ஏப்பம் விடுவது மூன்றுமே வைத்துக்கொள்வதற்கான சொற்கள்.

இப்போது ஒரு டெஸ்ட். இந்தச் சொற்களில் ஏதாவது ஒன்றை, கூடப்பிறந்தவர்களுக்கு நடுவே நடப்பதற்குப் போட்டுப் பாருங்கள். "எங்க அண்ணன் என் பங்கை முழுங்கிட்டாரு" என்று யாராவது சாதாரணமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எங்கள் பக்கம் சொல்வது இப்படித்தான் இருக்கும்: "அது தம்பி பேர்ல கெடக்கு." "அண்ணன் பாத்துக்கிட்டு இருக்காரு." "அக்கா விட்டுக் குடுத்துருச்சு." முதல் வாக்கியத்தில் நிலம் தானாகக் கிடக்கிறது. இரண்டாவதில் அண்ணன் ஏதோ உதவி செய்கிறார். மூன்றாவதில் ஏதோ செய்தது அக்கா மட்டும்தான். வைத்துக்கொண்டவன் எந்த வாக்கியத்திலும் எழுவாயாக வந்து நின்று "நான் வைத்துக்கொண்டேன்" என்று மாட்டிக்கொள்வதில்லை.

கடுமையான சொல் வரும் நாளும் உண்டு. "அபகரிச்சுட்டான்" என்று வக்கீல் நோட்டீஸ் வரும். அன்றைக்கு உறவு முடிந்து போயிருக்கும். அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அண்ணனை அந்நியனாக்க வேண்டும். உறவாக இருக்கும்வரை சொல் கிடையாது.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. கொடைரோடு ஸ்டேஷன் இருக்கும் அம்மையநாயக்கனூர், 1736 வாக்கில் சந்தா சாகிப் படைக்கும் பங்காரு திருமலையின் ஆட்களுக்கும் சண்டை நடந்த இடம். மதுரை நாயக்க அரசி மீனாட்சியைக் காப்பாற்றுவதாகச் சந்தா சாகிப் சத்தியம் செய்து கொடுத்தார், நம்பியவரிடமிருந்தே ராஜ்யத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார், அரசி விஷம் குடித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வாளால் மட்டும் நடந்த வேலை இல்லை இது. நம்பிக் கொடுத்ததை வைத்துக்கொண்ட விவகாரமும்கூட. அதற்கு நம் ஊர்க் கதையில் பெயர் உடனே கிடைத்துவிட்டது: துரோகம். வெளியாள் செய்தால் பெயர் தேட வேண்டியதே இல்லை.

பரிமேலழகர் கொடுத்த சலுகை

இது வெறும் பேச்சுவழக்குச் சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். திருக்குறள் உரையில் இதே ஓட்டையைப் பார்த்தபோது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

அடுத்தவர் பொருள் பற்றிக் குறளில் இரண்டு அதிகாரங்கள் நேரடியாகப் பேசுகின்றன. 18-வது வெஃகாமை, 29-வது கள்ளாமை. முதலாவது இல்லறவியலில் இருக்கிறது. இரண்டாவது துறவறவியலில் இருக்கிறது. இது வாசிப்பவர் யாருக்கும் உறுத்த வேண்டிய இடம். திருடாதே என்பதைக் குடும்பஸ்தனுக்குச் சொல்லாமல் சாமியாருக்கு ஏன் சொல்ல வேண்டும்?

பரிமேலழகருக்கும் உறுத்தியிருக்கிறது. கள்ளாமை அதிகார முன்னுரையில் ஒரு விளக்கம் கொடுக்கிறார். இல்வாழ்வான் தன் தமரிடம், அதாவது சொந்தக்காரர்களிடம், விளையாட்டு வகையாக வஞ்சித்து எடுத்துக்கொள்ளத்தக்க பொருளை அப்படி எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. துறவிக்கு அப்படி நினைப்பதே பெரிய இழுக்கு. அதனால் இது துறவறத்தில் வைக்கப்பட்டது. இதுதான் அவர் சொல்வதன் சாரம்.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர் சொல்வது விளையாட்டு. தம்பியின் தட்டிலிருந்து முறுக்கை எடுப்பது, மச்சான் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவது போன்ற சங்கதிகள். அதைக் களவு என்றால் வீட்டில் யாரும் வாழ முடியாது. நிலத்தையும் நகையையும் அவர் மனதில் வைத்து எழுதவில்லை, அதற்கு அவர் அனுமதி கொடுத்ததாக நான் சொல்லவும் இல்லை.

என் விமர்சனம் வேறு. தீங்கே நடக்காத இடம் எது என்று தேடும்போது அவருக்குத் தோன்றிய இடம் 'தமர்'. களவுக்கும் களவல்லாததற்கும் நடுவே அவர் போட்ட கோடு, பொருளின் அளவிலோ எண்ணத்திலோ விழாமல் உறவில் விழுகிறது. எங்கள் தொழிலில் இதை எக்செப்ஷன் என்போம். ஒரு சின்ன கேஸுக்காகப் போட்ட எக்செப்ஷன், கண்டிஷன் சரியாக எழுதாவிட்டால் பெரிய கேஸையெல்லாம் உள்ளே விட்டுவிடும். விளையாட்டு என்ற கண்டிஷன் காலப்போக்கில் உதிர்ந்துபோய், தமர் என்ற கண்டிஷன் மட்டும் நின்றுவிட்டது. நம் வீடுகளில் ஓடுவது அந்த வெர்ஷன்தான். நடைமுறையில் பெரிய பொருள்கள் கைமாறாமல் தங்கிப்போவது தமருக்குள்தானே! வழிப்போக்கனிடம் 80 சென்ட் இருக்காது.

வள்ளுவரிடம் போய்ப் பார்த்தால் இந்தச் சலுகை இல்லை. வெஃகாமையின் முதல் குறள் (171), நடு இல்லாமல் அடுத்தவர் பொருளை விரும்பினால் குடியே அழியும் என்கிறது. பாதிப்பு எங்கே இறங்குகிறது பாருங்கள், விரும்பியவனின் குடியில். அந்தக் குறளில் அளவுகோல் 'நடு' என்ற சொல். அதே சொல்லைத் தலைப்பாக வைத்த நடுவுநிலைமை அதிகாரம் இதற்கு ஆறு அதிகாரம் முன்னால் வருகிறது. அதன் கடைசிக் குறள் (120) வியாபாரிக்குச் சொல்வது: பிறருடைய பொருளையும் தன்னுடையது போலப் பார்த்துக்கொள். அடுத்தவன் பொருள் உன் கையில் நியாயமாக வந்து இருக்கும்போது எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து குறளில் மிக நெருக்கமான இடம் இதுதான். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை பாராட்டுவதும் இதற்காகவே. கூடுதலாக வாங்க மாட்டார்கள், குறைத்துக் கொடுக்க மாட்டார்கள்.

ஆக வள்ளுவரின் கேள்வி "கை நீண்டதா?" என்பதோடு நிற்கவில்லை. "நடு நின்றதா?" என்றும் கேட்கிறது. இந்தக் கேள்வியைத் தமரிடமும் கேட்கலாம். வணிகனுக்குச் சொன்னதை வீட்டுக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டது உரை மரபும் நாமும்தான்.

சட்டம் எங்கே நுழைந்தது

1860-ம் வருடத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் படித்தால், எடுப்பதும் வைத்துக்கொள்வதும் தெளிவாகத் தனித்தனியாக இருக்கின்றன. திருட்டு 378, கையாடல் 403, நம்பிக்கை மோசடி 405. (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 303, 314, 316.) கையாடல் பிரிவில் ஒரு உதாரணம் உண்டு. ஒரு குதிரைக்கு இரண்டு பேர் சொந்தக்காரர்கள். ஒருவன் ஓட்டிப் போகலாம், அவனுக்கு உரிமை இருக்கிறது, குற்றமில்லை. விற்றுவிட்டு முழுப் பணத்தையும் தானே வைத்துக்கொண்டால் குற்றம். கொஞ்ச காலத்துக்கு மட்டும் கையாடினாலும் அது கையாடல்தான் என்றும் விளக்கம் சொல்கிறது. கூட்டுச் சொத்தில் பங்காளியே தப்பு செய்ய முடியும் என்று எழுதிவைத்த இடம் இது.

இருந்தும் வீட்டு வாசலில் சட்டமும் தயங்கி நின்றது. கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகை, புருஷன் வீட்டுக்குள் வந்ததும் இருவருக்கும் பொது, அதனால் நம்பி ஒப்படைத்தது என்ற பேச்சே எழாது என்று பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது. இதுவும் தமர் வாதம்தான், வேறு உடையில். 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சீதனம் பெண்ணுடையது, புருஷனிடமோ மாமியார் வீட்டிலோ இருந்தாலும் அவளுடையது, கேட்டும் தராமல் கெட்ட எண்ணத்தோடு வைத்துக்கொண்டால் நம்பிக்கை மோசடி என்றது. தமருக்குள் நடப்பதற்கும் பெயர் உண்டு என்று ஆனது.

பெயர் இருந்து அதற்கு வரையறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2011-ல் ஆட்சி மாறியதும் மாவட்டந்தோறும் நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவுகள் வந்தன, தனி நீதிமன்றங்களும் அறிவிக்கப்பட்டன. திண்டுக்கல் பக்கம் டீக்கடையிலெல்லாம் 'அபகரிப்பு' அன்றாடச் சொல் ஆனது அப்போதுதான். 2015 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை ரத்து செய்தது. முக்கியக் காரணம்: எது நில அபகரிப்பு வழக்கு என்று அரசாணை எங்கேயும் வரையறுக்கவில்லை. எந்தத் தகராறை அந்தப் பெயரில் சேர்ப்பது என்பது போலீஸ் கையில் விடப்பட்டிருந்தது. அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆந்திரத்தில் 1982-லேயே தனிச் சட்டம் போட்டு இந்தச் சொல்லுக்கு வரையறை எழுதியிருந்தார்கள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் எழுதாததால் மாநிலம் முழுக்க ஒரு ஏற்பாடு கோர்ட்டில் ஆட்டம் கண்டது. சொல் ஆராய்ச்சி வெட்டி வேலை என்று கேலி செய்யும் ஆபீஸ் நண்பர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது.

ஆனாலும் ஆந்திரச் சட்டத்தின் வரையறையே சட்டப்பூர்வ உரிமை இல்லாமல் பிடிப்பவனைப் பற்றியதுதான். என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அந்த நிலத்தில் உரிமை இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு. மீதி ஒரு பங்கும் முறையாகப் பத்திரம் பதிவாகி வந்தது. எந்தச் சட்டமும் அவர்களைத் தொடாது. தொட வேண்டும் என்று நான் சொல்லவும் வரவில்லை.

பத்திரத்தின் நடை

திரும்பவும் அந்த 1997 பத்திரத்துக்கு வருகிறேன். அதை ஒரு இலக்கியப் பிரதியாக வாசித்துப் பாருங்கள். முழுக்கத் தன்மை ஒருமையில், அத்தையின் குரலில் எழுதப்பட்டிருக்கிறது. நான், என் மனப்பூர்வமாக, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், என் பாத்தியதையை விடுதலை செய்து கொடுத்தேன். நாலு பக்கம் பேசுகிற அந்த 'நான்' எழுதிய ஒரே எழுத்து கடைசியில் இருக்கும் கையெழுத்து. மற்றதெல்லாம் நிலக்கோட்டையில் ஒரு பத்திர எழுத்தர் ஏற்கெனவே வைத்திருந்த மாடல். தம்பிகள் பெயர் நாலாம் வேற்றுமையில் மட்டும் வருகிறது: இன்னாருக்கு, இன்னாருக்கு. அவர்கள் கேட்டார்கள், வாங்கினார்கள் என்று ஒரு வினை கிடையாது.

எங்கள் அக்கம்பக்கத்துக் கிராமங்களில் யார் வீட்டுப் பத்திரப் பையைத் திறந்தாலும் இப்படி ஒன்று இருக்கும். 1989-ல் தமிழ்நாடு, கூட்டுக்குடும்பச் சொத்திலும் கல்யாணமாகாத பெண்பிள்ளைகளுக்குச் சம பங்கு என்று சட்டத்தைத் திருத்தியது. 2005-ல் மத்திய அரசு இன்னும் தூரம் போனது. 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் மிச்சச் சந்தேகத்தையும் தீர்த்தது. பங்கு உண்டு என்று சட்டம் உறுதியாகச் சொல்லச் சொல்ல, அதை விடுவிக்கும் பத்திரத்துக்கும் தேவை வந்தது. உரிமையே இல்லாதவளிடம் யார் கையெழுத்து கேட்கப் போகிறார்கள்?

"அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே, தாய்மாமன் சீர் செஞ்சாச்சே" என்ற பதில் வரும். பொய் இல்லை. என் அப்பா தன் அக்கா பிள்ளைகள் மூணு பேருக்கும் காதுகுத்திலிருந்து கல்யாணம் வரை செய்தவர். திராட்சைப் பந்தலுக்கு மருந்து அடித்ததும், தண்ணி இல்லாத வருசம் கடன் வாங்கியதும் அவரும் பெரியப்பாவும்தான். இதையெல்லாம் கழிக்க வேண்டும் என்றால் கழிக்கலாம். கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று யாரும் கணக்குப் போட்டதில்லை. சீர் செய்தது கொடுத்தவர்களின் கணக்கில் இருக்கிறது, 80 சென்ட் யார் கணக்கிலும் இல்லை. நடு என்பது அந்தக் கணக்கைப் போடச் சொல்வதுதான் என்பது என் புரிதல்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் அத்தை வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டியாச்சு. பத்திரத்தைப் பற்றிக் கேட்டேன். எடுத்துக்கிட்டாங்களா, நீங்க குடுத்தீங்களா அத்தை என்றேன். முறத்தில் மொச்சையைப் புடைத்துக்கொண்டே சொன்னார்: "குடுத்தேன்னுதான்யா சொல்லணும். எடுத்துக்கிட்டாங்கன்னு சொன்னா அப்புறம் பொங்கலுக்கு எந்த வாசல்ல போயி நிப்பேன்?"

நான் ஏழெட்டு வருடமாக எக்செல்லில் தேடியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அந்தச் சொல் தமிழில் இல்லாமல் இல்லை. அதைச் சொல்ல ஆகும் விலை பிறந்த வீடு. 'விட்டுக்கொடுத்தேன்' என்று சொல்லி அத்தை வாங்கியது 5,000 ரூபாயை இல்லை, அந்த வாசலை. பங்கைக் கேட்டால் வாசல் அடைபடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரியும். தெரிந்தே பேசாமல் இருந்தோம். பரிமேலழகர் சொன்ன விளையாட்டு இதில் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

'விடுதலை'யைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். கை, வாய், கால் மூன்றிலும் அடங்காததால் நாலாவதாக ஒரு பத்தி போட்டு, 'இழந்தவர் வாயால் சொல்லப்படுவது' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். அதற்கு அடுத்த ஷீட்டில் 80 சென்ட்டுக்கு இன்றைய மதிப்பு, அதில் அப்பாவின் பாதி, அதிலிருந்து சீர் செலவு என்று ஒரு கணக்கும் தொடங்கியிருக்கிறேன். சீர் செலவு அப்பாவின் நோட்டில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும். எதற்கு என்று அவர் கேட்பார்.